வாய் நிறைய வார்த்தை

"கர்த்தருக்குள் பிரியமானவர்களே" என்று ஆரம்பித்த நெகேமியா சார் அதோடு நின்றுவிட்டார். பக்கத்து அறையில் பெட்டியின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. பாதி தூரம் வந்து எதிலோ சிக்கி, பின்னால் போய், மறுபடியும் வந்தது. கெசியா கிளம்பிக்கொண்டிருக்கிறாள். ஒரே மகள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி விடுதியில் வார்டன் வேலை கிடைத்திருக்கிறது, தங்க இடமும் சாப்பாடும் உண்டு, காலை பஸ்ஸுக்கே போகிறாள் என்று காப்பி கொண்டுவந்தபோதுதான் ஞானசுந்தரி சொன்னாள். ஒரு காரியத்தை இரண்டாம் தரம் சொல்லும் பழக்கம் இல்லாத மனைவி, டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "அவ போறதுக்கு முன்னால நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்," என்றாள். "தியானம் இல்ல. வார்த்தை." அவர் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, வழக்கம்போல மிளகு தட்டிப்போட்ட வெந்நீரில் தொண்டையை நனைத்துக்கொண்டு, முன்னறைக் கதவைச் சாத்தி, சத்தம் விழாதபடி மின்விசிறியை நிறுத்தி, செல்ஃபோனைப் பிஸ்கட் டின்னில் சாய்த்துவைத்து உட்கார்ந்துவிட்டார். முதலில் தியானத்தை முடித்து அனுப்பிவிடலாம், பிறகு மனதில் பாரமில்லாமல் அவளிடம் போகலாம். லெந்து நாட்கள், நோன்புக் காலம் வேறு. பாளையங்கோட்டையில் அவருடைய சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு நாள் தவறாமல் காலைத் தியானம் பேசி அனுப்புகிறவர் அவர்தான். வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு சேகரத்துப் போதகர் ஐயரே வீடு தேடி வந்து, உங்க குரல் கர்த்தர் கொடுத்தது சார், அது சும்மா கிடக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். துபாயில் இருக்கிற பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். கட்டிலோடு கிடக்கிற கிழவிகள் இதைக் கேட்டுவிட்டுத்தான் பல் துலக்குகிறார்களாம். இன்றைக்கு உள்ள பகுதி தன்னைத்தான் ஆராய்ந்து பார்ப்பது. பிறன் கண்ணில் துரும்பு, தன் கண்ணில் உத்திரம். எத்தனையோ தரம் பேசின பகுதி. எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலை இறக்கவேண்டும் என்பதெல்லாம் அவருடைய நாக்குக்கே தெரியும். ஜிப் மறுபடி சிக்கிக்கொண்டது. போய் இழுத்துக் கொடுக்கலாமா என்று நினைத்தார். எழுந்திருக்கவில்லை.

சரி, ஆராயலாம். என்னிடத்தில் உள்ள குற்றம் என்ன? கேட்ட மாத்திரத்தில் அவை வரிசையாக வந்து நின்றன, காலைக் கூட்டத்தில் வகுப்புகள் வந்து நிற்பது மாதிரி, உயரப்படி. கோபம். பள்ளிக்கூடத்தில் கைநீட்டினது. சொந்தத் தம்பியின் வீட்டு விசேஷத்துக்கு ஒரு பொறாமையினால் போகாமல் இருந்தது. ஆலயத்தில் ஜெபம் நடக்கும்போது கண்ணைத் திறந்து யார் வரவில்லை என்று பார்ப்பது. எல்லாம் உண்மைதான். எல்லாமே ஏற்கெனவே தியானத்தில் சொல்லியாயிற்று. தம்பி விஷயத்தைச் சொன்ன அன்றைக்குக் குழுவில் எத்தனை கைகூப்பல், எத்தனை அழுகிற முகம். சார், உங்கள் தாழ்மை எங்களை உடைத்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். தம்பியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவன் இந்தக் குழுவில் இல்லை, அவனுக்குத் தெரியாது. மின்விசிறி நின்றதில் கழுத்தில் வியர்த்தது. இந்தக் குற்றங்களுக்கெல்லாம் அவர் பயப்படவில்லை என்பதை அவர் கவனித்தார். பல் போன நாய்கள் மாதிரி அவை காலைச் சுற்றின. பழக்கின நாய்கள். ஆராய்ந்து பார்ப்பதென்றால் இதுதானா? பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு ஞாபகம் வந்தது. உப்புப் பகுப்பாய்வு. கொடுக்கப்போகிற உப்பு என்னவென்று முதல்நாளே மோப்பம் பிடித்துவிட்ட பயல்கள், சோதனைக் குழாயைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டு, பழுப்பு வளையம் தோன்றுகிறது, நைட்ரேட் உறுதி என்று எழுதிவிடுவார்கள். எங்கல வளையம், காட்டு என்று அவர் பக்கத்தில் போய் நிற்பார். குழாய் சுத்தமாக இருக்கும். அமிலம் பட்டிருக்காது. ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அதில் அவர் கெட்டிக்காரர். பட்டால் புகையும், கை சுடும், சட்டையில் ஓட்டை விழும். உண்மையாகச் சோதித்தவனுடைய மேசை அலங்கோலமாகத்தான் இருக்கும். பிரியமானவர்களே, உங்கள் இருதயமாகிய சோதனைக் குழாயில்... அடடா, நல்ல உவமை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் எடுபடும். கை தன்னால் செல்ஃபோனிடம் போனது. அதைப் பார்த்தார், அந்தக் கையை. திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, குற்றத்தைத் தேடி இறங்கினவன் அதற்குள் ஒரு உவமையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டான்.

போன வாரம் நடந்ததை நினைக்கவேண்டாம் என்று இருந்தார், ஆனால் அது எந்த வழியாகப் போனாலும் தெருமுனையில் வந்து நிற்கிறது. போன வாரத் தியானம் மன்னிப்பைப் பற்றியது. ஒரு மகள் புருஷனோடு கோபித்துக்கொண்டு தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள் என்று ஆரம்பித்தார். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. எந்தத் தாழ்ப்பாளும் உள்ளிருந்துதான் போடப்படுகிறது, பிரியமானவர்களே, இருதயத்தின் தாழ்ப்பாளும் அப்படியே என்று முடித்தார். பெயர் சொல்லாவிட்டால் என்ன, மழைக்காலம் முடிந்ததிலிருந்து கெசியா இங்கேதான் இருக்கிறாள், தனியாக ஆலயத்துக்கு வருகிறாள், கழுத்தில் தாலிச் செயின் இல்லை, சபைக்குத் தெரியாதா? அன்றைக்குச் சாயந்தரமே ஜாய்ஸ் டீச்சர் கேக் கொண்டு வந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் இருக்கிறவர், நல்ல மனுஷி, மனதில் ஒன்றும் கிடையாது. கெசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா பேசினதைக் கேட்டு அழுதுட்டேம்மா, நீ அந்தப் பையனை மன்னிச்சிரு என்றார். என்ன பேசினாங்க என்று கெசியா கேட்டாள். டீச்சர் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து அந்தத் தியானத்தை அங்கேயே போட்டுக் காட்டிவிட்டார். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்த நெகேமியா சார் தன்னுடைய குரலைக் கேட்டுக் கதவோரம் நின்றார். ஈரத் துண்டு தோளில் சில்லென்று கிடந்தது. கெசியா முழுவதையும் கேட்டாள். அழவில்லை. இடையில் ஒருதரம் விரல்களை மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டாள். அந்த விரல். அதை விடு. கேட்டு முடித்துவிட்டு, டீ குடிக்கீங்களா டீச்சர் என்று எழுந்து போனாள். அன்று முதல் தட்டை எடுத்துக்கொண்டு தன்னுடைய அறையில்தான் சாப்பிடுகிறாள். அவமானமாக இருந்தது என்று நெகேமியா சார் சொல்லிக்கொள்வார். இருந்ததும் உண்மை. ஆனால் அந்தக் கதவோரத்தில், ஈரத் துண்டோடு, தாழ்ப்பாள் என்ற சொல்லுக்கு முன்னால் தான் விட்டிருந்த இடைவெளி எவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது என்று அவர் கவனித்தார். மகளுடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைக் கவனித்தார். இதை யாரிடம் சொல்ல? இதைச் சொன்னால் என்ன பெயர்? பெருமை என்று சொல்லலாம், பெருமையைப் பற்றி அவரிடம் ஏற்கெனவே நல்ல தியானம் ஒன்று இருக்கிறது.

அடுப்படியில் கடுகு வெடித்தது. பஸ்ஸில் சாப்பிட மகளுக்குப் புளியோதரை கட்டுகிறாள் போலிருக்கிறது. ஞானசுந்தரி கதவை லேசாகத் திறந்து, ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருக்கிறது என்றாள். அவர் செல்ஃபோனைச் சுட்டிக்காட்டி, இதோ என்று சைகை காட்டினார். அவள் அவரையே பார்த்தாள். கதவை மறுபடி சாத்திக்கொண்டு போனாள், அதுவும் சத்தம் வராதபடி, அவருடைய ரெக்கார்டிங்கைக் கெடுக்கக் கூடாதென்று இத்தனை நாளில் பழகிப்போன பதனத்தோடு. வீடு முழுக்க அப்படிப் பழகிவிட்டது. கெசியா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே குடும்ப ஜெபத்தில் இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிப்போய் இருமிவிட்டு வருவாள். ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டே, அப்பா, இயேசப்பாகிட்டப் பேசும்போது மட்டும் நீங்க ஏன் வேற யாரோ மாதிரி பேசுதீங்க என்று கேட்டாள். என்ன பதில் சொன்னார் என்று ஞாபகமில்லை. ஏதோ நல்ல பதில்தான் சொல்லியிருப்பார். பதில் இல்லாமல் அவர் இருந்ததே கிடையாது. சென்னையிலிருந்து அவள் ஃபோன் பண்ணினபோதும் பதில் இருந்தது. மத்தியானம், மழை நாள், சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் மொட்டை மாடியிலிருந்து பேசினாள். காற்று இரைந்தது, பாதிப் பேச்சு அதில் போயிற்று. புருஷன் ரூபன் கதவிடுக்கில் வைத்து விரலை நசுக்கிவிட்டான் என்றாள். வேண்டுமென்றா, தெரியாமலா என்று இவர் கேட்டார். அப்பா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா என்றாள். அவள் எப்போதும் கெஞ்சுகிற பிள்ளை கிடையாது. அப்போதும் கெஞ்சவில்லை, மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கட்டுமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அதனால்தான் அவருக்கு உறைக்கவில்லை. இல்லை, பொய், உறைத்தது. சகித்துக்கொள் அம்மா, பாடுகளின் வழியாகத்தான் மகிமை, அவனுக்காக ஜெபம் பண்ணு, நாங்களும் பண்ணுகிறோம் என்றார். வேறு எந்தத் தகப்பனும் அதைத்தானே சொல்லியிருப்பான்? ஊர் உலகத்தில் நடக்காததா? சொன்னது குற்றமில்லை. ஆலோசனை தவறாகப் போயிருக்கலாம், பயந்திருக்கலாம், சம்பந்தி வீட்டாரை நினைத்திருக்கலாம், அதையெல்லாம் கர்த்தர் மன்னிப்பார், அவளும் மன்னிப்பாள். அது இல்லை. அதற்குக் கீழே ஒன்று கிடக்கிறது. பழைய வீட்டுக் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி, மேலே நின்று பார்த்தால் தண்ணீர்தான் தெரியும், கயிற்றில் கொக்கி கட்டி இறக்கினால் எதிலோ தட்டும். தட்டினதும் அவர் கயிற்றை மேலே இழுத்துவிடுவார். மின்விசிறியைப் போடலாமா? வியர்வை முதுகில் இறங்குகிறது. ஆறேமுக்கால் மணிச் செய்தி எந்த வீட்டிலோ ஓடுகிறது. தட்டட்டும், இன்றைக்கு ஒருநாள் தட்டட்டும். அவள் அந்த மாடியில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்தக் காற்றின் இரைச்சலுக்குள்ளேயே, கதவிடுக்கில் நசுங்கின ஒரு விரல் என்று கேட்ட உடனேயே, அவருக்குள் எழுந்தது ஐயோ என் பிள்ளை என்பது அல்ல. நாளைக்கு இப்படி ஆரம்பிக்கலாம் என்பது. ஒரு கதவு, ஒரு விரல், ஒரு வேதனை. சகிப்பைப் பற்றி மறுநாள் பேசவேண்டியிருந்தது, ஆரம்பம் கிடைக்காமல் காலையிலிருந்து திண்டாடிக்கொண்டிருந்தார். கிடைத்துவிட்டது. நிம்மதி வந்தது. மகள் அழாமல் அழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில், ஃபோனைக் காதில் வைத்தபடி, அவருக்கு உள்ளே குளிர்ந்தது.

அவர் நாற்காலியிலிருந்து நழுவி முழங்காலில் நின்றார். மூட்டு வலித்தது, வலிக்கட்டும். ஆண்டவரே என்றார். ஆண்டவரே, பாவியாகிய நான் உமது சமுகத்தில், வெறுங்கையோடு, நொறுங்கின இருதயத்தோடு... நின்றார். நொறுங்கின இருதயம் எங்கே இருக்கிறது? எங்கல, காட்டு. குழாய் சுத்தமாக இருக்கிறது. மறுபடி ஆரம்பித்தார். சத்தமில்லாமல், உதடு அசையாமல். அப்படியும் வார்த்தைகள் இரண்டிரண்டாக, ஜோடி போட்டுக்கொண்டு, ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டபடி ஆலயத்துக்குப் போகிறவர்கள் மாதிரி வெள்ளையும் சொள்ளையுமாகக் கிளம்பின. கடைசியாக எப்போது ஜெபித்தோம் என்று யோசித்தார். மற்றவர்கள் கேட்காத ஜெபம். மாமியார் சாகக்கிடந்தபோது? அதைக்கூட அடக்க ஆராதனையில் சொல்லியாயிற்று. கெசியா பிறந்தபோது? அவளுக்கு முன் ஒன்று பிறந்து பெயர் வைக்கிறதுக்குள் போய்விட்டது. அதனால்தான் எல்லாவற்றையும் இழந்தபிறகு யோபுக்குப் பிறந்த மகளின் பெயரை இவளுக்கு வைத்தார். அந்த முதல் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்த அன்றைக்கு அவருக்கு வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுதானா கடைசி? அப்படியானால் அதற்குப் பிறகு இத்தனை காலமும் பேசிக்கொண்டிருந்தது யார்? பயம் வந்தது. நரகத்துக்குப் பயமில்லை, அதைப்பற்றி அவருக்கு வசனம் தெரியும். இது வேறே பயம். கதவைத் தட்டினால் உள்ளிருந்து நல்ல சத்தத்தில் வாருங்கள் வாருங்கள் என்று பதில் வருகிறது, திறந்து போனால் ஒரு ஆளும் இல்லை, சுவரில் ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாட்டியிருக்கிறது. தேவன் ஆராய்ந்து பார்க்கிறார் என்று இத்தனை பேருக்குச் சொன்னாயே, அவர் வந்து பார்த்தால் ஆராய அங்கே என்ன இருக்கும்? அவரும் இந்தக் குரலைக் கேட்டுவிட்டுக் கைகூப்புகிற படம் ஒன்று போட்டுவிட்டுப் போய்விடுவாரோ? சீச்சீ, தேவதூஷணம். இல்லை, இதில்தான் ஏதோ உண்மை இருக்கிறது, இதைப் பிடித்துக்கொள், விடாதே. பிரியமானவர்களே, ஆளில்லாத வீட்டில் ஒரு ஸ்பீக்கர்... அவர் தன்னுடைய வாயை உள்ளங்கையால் அறைந்தார். பலமாகவே அறைந்தார். உதடு பல்லில் பட்டு உப்புக் கரித்தது. தெருவில் ஆட்டோ வருகிற சத்தம் கேட்டது, இல்லை, அது தாண்டிப் போய்விட்டது. எழுந்தார். நான் செய்தது தப்பு. இந்த மூன்று சொல் போதும். நான் செய்தது தப்பு. முன்னாலும் ஒன்றும் வேண்டாம், பின்னாலும் ஒன்றும் வேண்டாம். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, கை நிறையத் தண்ணீர் அள்ளிக்கொண்டு போகிறவன் விரலிடுக்கில் ஒழுகிவிடாமல் நடப்பதைப்போல, கூடத்தைத் தாண்டி அவளுடைய அறைக்குப் போனார்.

கதவு திறந்துதான் இருந்தது. கெசியா கட்டில் விரிப்பை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். ஜிப் மூடாத பெட்டியை ஒரு பழைய துப்பட்டாவால் சுற்றிக் கட்டியிருந்தாள். "வாங்கப்பா," என்றாள்.

நான் செய்தது தப்பு. அவர் வாயைத் திறந்தார். "மகளே," என்றார்.

வீட்டில் அவர் அவளை மகளே என்று கூப்பிட்டதே கிடையாது. கெசி என்பார், கோபம் வந்தால் ஏட்டி என்பார். மகளே என்பது தியானத்தில் வருகிற சொல். அவளுக்கும் அது தெரிந்தது. மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. நிறுத்திவிடலாம், இப்போதுகூட நிறுத்திவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அந்தச் சொல் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு தகப்பன் தான் பெற்ற பிள்ளையின் முன்னால் தலைகுனிந்து நிற்கிற நேரம் ஒன்று உண்டு என்றார். சபைக்கு முன்னால் உன்னை நான் காயப்படுத்தினேன், காயத்தைக் கட்டவேண்டிய கையே காயப்படுத்தினது என்றார். குரல் இடறவேண்டிய இடத்தில் இடறியது. கண்ணில் நீர்கூட வந்தது, உண்மையான நீர், அது எதற்காக வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கெசியா விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, வேறு யாருடனோ ஃபோனில் பேசுகிறவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற ஆளைப்போல நின்றாள். முகத்தில் கோபமில்லை. கோபமிருந்தால் தேவலை. அவர் முடித்ததும் விரிப்பைக் கட்டிலில் வைத்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? நான் அன்னைக்கு மாடியில இருந்து ஃபோன் பண்ணினேம்லா, அப்ப நீங்க என்ன நினைச்சீங்க?"

இதைவிடத் திறந்த ஒரு கதவு அவருக்கு முன்னால் எந்நாளும் வந்ததில்லை. உள்ளே போக வேண்டியதுதான். நாளைக்கு எப்படி ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். சொன்னால் அவள் துப்பலாம், சிரிக்கலாம், சாகும்வரை பேசாமல் இருக்கலாம், ஆனால் அதைச் சொல்கிற ஆள் ஒருவன் இருப்பான். அவளுடைய கண்ணைப் பார்த்தார், ஞானசுந்தரியின் கண், அதே நிறம், அதே பொறுமை.

"உனக்காக ஜெபம் பண்ணணும்னு நினைச்சேம்மா," என்றார்.

அவள் தலையாட்டினாள். ஒருவேளை அவளும் அந்த ஒரு நொடி எதற்கோ காத்திருந்திருக்கலாம். தோள்கள் கொஞ்சம் இறங்கின. "மறுநாள் நீங்க பேசி அனுப்பினதைக் கேட்டேன்," என்றாள். "ஒரு கதவு, ஒரு விரல்னு ஆரம்பிச்சீங்க. விரல் வீங்கி இருந்துச்சு, ஃபோனைப் பிடிக்க முடியல்ல, சுவரு மேல வச்சுக் கேட்டேன். நீங்கதான என்னையும் அந்தக் குரூப்புல சேத்துவிட்டீங்க. அதுக்கப்புறம் நான் எதையும் கேக்கல்ல." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஜாய்ஸ் டீச்சர் போட்டுக் காட்டினது மாதிரி ஒண்ணு எனக்குப் புதுசு இல்லப்பா. அதை நினைச்சு நீங்க வருத்தப்படாதீங்க."

"தெரிஞ்சுமா இங்க வந்த?" அவருக்கு வந்த வார்த்தை அதுதான்.

"வேற எங்க போக?"

அவர் கட்டிலின் தலைப்பக்கத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இப்போது வாயில் ஒன்றுமில்லை. உண்மையாகவே ஒன்றுமில்லை. ஜோடி போட்டுக்கொண்டு கிளம்புகிற அந்தச் சொற்கள் எல்லாம் எங்கேயோ ஒழிந்துபோய், அவருக்குள் ஒரு இருட்டான வெறுமை திறந்தது. அந்த ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி. இங்கேயே நின்றுவிட்டால் போதும், இந்த வெறுமையில் நின்று அவள் கையைத் தொட்டால் போதும் என்று தோன்றியது. கையை நீட்டினார், நீட்டினதாகத்தான் நினைவு. அதற்குள் உள்ளே எங்கிருந்தோ, மெல்ல, இனிமையாக, வார்த்தையற்றுப் போகிற இடத்தில்தான் வார்த்தையானவர் வருகிறார், பிரியமானவர்களே, என்று அந்தக் குரல் பேச ஆரம்பித்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. வாசலில் ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார்.

பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். கனமே இல்லை, வரும்போது கொண்டுவந்த துணிகள்கூட அதில் இல்லையென்று பட்டது. ஞானசுந்தரி சேலையை மாற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுவரைக்கும் நானும் போய்விட்டு வருகிறேன் என்று ஏறி உட்கார்ந்தாள். அவரை வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. கெசியா ஆட்டோவிலிருந்து குனிந்து, "இட்லி மூடி வச்சிருக்கு. சாப்பிட்டுட்டு பிரஷர் மாத்திரையைப் போடுங்க, மறந்துராதீங்க," என்றாள். அவர் சரி என்றார். இன்னும் ஏதாவது கேட்பாளோ என்று ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞானசுந்தரி அவருடைய முகத்தைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள், பேச்சு நடந்ததா என்று கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. அவளுடைய முகம் அப்படியே மூடிக்கொண்டது. போலாம் தம்பி என்று ஆட்டோக்காரரிடம் சொன்னாள். கம்பி அவர் கையிலிருந்து நழுவிப் போயிற்று. தெருவில் காலை வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. எதிர்வீட்டில் வாசல் தெளிக்கிற பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஸ்தோத்திரம் சார் என்றாள். அவரும் ஸ்தோத்திரம் என்றார். எவ்வளவு நன்றாக வந்தது அது, அந்த ஸ்தோத்திரம், அடிவயிற்றிலிருந்து.

முன்னறையில் செல்ஃபோன் பிஸ்கட் டின்னில் சாய்ந்தபடி அணையாமல் பதிவு செய்துகொண்டிருந்தது. கர்த்தருக்குள் பிரியமானவர்களே என்று சொன்னதிலிருந்து இதுவரைக்கும் எல்லாம் அதில் விழுந்திருக்கும். கடுகு வெடித்தது, அவர் தன்னை அறைந்தது, ஆட்டோ போனது. அழித்தார். இன்றைக்கு அனுப்பவேண்டாம். இனி என்றைக்குமே அனுப்பவேண்டாம். பேச்சை நிறுத்திவிடவேண்டும், அது ஒன்றுதான் வழி, நாக்கைக் கட்டிவிட்டு மூலையில் கிடக்கவேண்டும், அப்போதாவது உள்ளே ஆள் இருந்தால் முனகுகிற சத்தம் கேட்கும். இந்த எண்ணத்தில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் பிறந்தது. ஆறுதல் பிறந்த உடனே பயந்துபோனார், ஏனென்றால் அந்த ஆறுதலை அவருக்குத் தெரியும், அன்றைக்கு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே குளிர்ந்தது அதேதான். 'நான் மௌனமான காலை' என்று அந்தக் குரல் ஏற்கெனவே தலைப்புப் போட்டு வைத்திருந்தது. ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு வந்து சொன்னால் சபையே அழும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்தினால் உள்ளே இன்னும் நன்றாகக் கேட்டது.

ஃபோன் அடித்தது. ரோஸ்மேரி அம்மா. இடுப்பு முறிந்து படுக்கையிலேயே இருக்கிற விதவை, தியானம் வந்த உடனே முதல் ஆமென் அவரிடமிருந்துதான் வரும். சார், இன்னைக்கு இன்னும் வரலியே, காலையிலேருந்து ஃபோனைக் கையிலேயே வச்சிக்கிட்டு இருக்கேன், உடம்புக்கு எதுவுமா என்று கேட்டார். மறுமுனையில் கிழவியின் மூச்சு இரைவது கேட்டது. இவரிடம் சொன்னால் என்ன? மகளிடம் சொல்லமுடியாததை இந்த அம்மாவிடம் சொன்னால் என்ன? அம்மா, நான் சொன்னது எதையும் நம்பாதீங்க. ஒரே வாக்கியம். சொல்லிவிட்டு வைத்துவிடலாம். சொன்னால் நாளைக் காலையில் இவர் எதைக் கேட்டுவிட்டு அந்தக் கட்டிலில் கண் விழிப்பார் என்று நினைத்தார். அதை நினைத்ததுகூட இரக்கத்தினாலா, சாக்குக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு முடியவில்லை.

"தொண்டை சரியில்லம்மா," என்றார்.

ஐயோ பாவமே, அதானே பார்த்தேன், குரலே மாறிப்போய்க் கிடக்கே என்றார் ரோஸ்மேரி அம்மா. அப்படியே இருங்க சார், ஒரு ஜெபம் பண்ணிருதேன் என்று சொல்லி, இவர் பதில் சொல்வதற்குள் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். படிக்காத கிழவி, பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். மூச்சு வாங்கி வாங்கி, சொல்லைத் தேடித் தேடி, நடுவில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, ஏசப்பா எங்க சார் தொண்டைய நல்லாக்கிரும், அவுக பேச்சு ஒரு நாளும் நின்னுரக் கூடாது, அது நின்னா எனக்கு வேற ஒண்ணுமில்ல ஏசப்பா, எங்க சாரைப் பேச வச்சிக்கிட்டே இரும் என்று மன்றாடினார். அம்மா நிறுத்துங்க என்று நெகேமியா சாருக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. இது கேட்கப்பட்டுவிடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இவ்வளவு உடைந்த ஜெபம் கேட்கப்படாமல் போகாது. ஜெபம் முடிந்தது. ரோஸ்மேரி அம்மா காத்திருந்தார். மறுமுனையில் மூச்சு மட்டும் வந்து வந்து போயிற்று, இவர் சொல்லவேண்டிய ஒரு சொல்லுக்காக.

"ஆமென்," என்றார் நெகேமியா சார். குரல் கணீரென்று இருந்தது.